இருபதாம் திகதிச் சீல்

மார்ச் 3, திங்கள்

வேலையை விட்டு நின்ற பிறகு வருகிற முதல் திங்கட்கிழமை. முப்பது வருடத்துக்கு மேலாகத் திருகாணித் தொழிற்சாலையில் இரும்போடு மாரடித்த கை, விடிந்தவுடன் எதையாவது பிடிக்கத் தேடுகிறது. மனைவி மலர் தும்புத்தடியைத் தந்தாள். கூட்டினேன். நான் கூட்டிய இடத்தை அவள் மறுபடி கூட்டினாள்.

இந்தக் கொப்பி மகள் அனுப்பியது. "அப்பா, அம்மாவோடை கொளுவிக்கொண்டு நிக்காமல் இதிலை ஏதாவது எழுதுங்கோ" என்றாள் தொலைபேசியில். என்னத்தை எழுதுவது? காலையில் மழை. நடுமுதுகில் நோவு. குப்பை வண்டி வரவில்லை.

பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் க்ரோல் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஹெர் குகதாசன், இனி உங்களுக்கு நேரம் இருக்கிறதுதானே" என்றார். வயது எழுபத்து நாலு. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர், இப்போது லோர்ன்ஹைம் தபால்தலைச் சங்கத்தின் தலைவர். அவர் சொல்லித்தான் நானும் இரண்டு வருடமாகப் பெயருக்கு அதில் இருக்கிறேன். செயலாளருக்குக் கண் சத்திரசிகிச்சையாம், அந்த வேலையை நான் பார்க்க வேண்டுமாம். அறுபத்தொரு வயதில் அந்தச் சங்கத்தில் நான்தான் பொடியன். தலையாட்டிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

செயலாளராக முதல் கூட்டம். வேலை பெரிதாக ஒன்றுமில்லை. பேசுவதைக் குறித்து வைப்பது, கடிதங்களைத் தபாலில் போடுவது.

இந்த ஊரில் ஆற்றங்கரையில் ஒரு பழைய நூல் ஆலை உண்டு. சிவப்புக் கல், நாலு மாடி. கட்டி இந்த வருடம் நூற்றைம்பது ஆண்டு. பூட்டிக் கிடந்ததை நகரசபை திருத்தி, நூலகமும் அருங்காட்சியகமும் ஆக்கியிருக்கிறது. செப்டெம்பர் 28 ஞாயிறு திறப்பு விழா. அதற்கு ஒரு நினைவுச் சீல் வேண்டும் என்று தபால்காரர்களிடம் கேட்பது எங்கள் சங்கத்தின் பொறுப்பு.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மலர், "அதென்ன நினைவுச் சீல்?" என்று கேட்டாள்.

"கடிதத்திலை ஒட்டின முத்திரைக்கு மேலை குத்துற சீல்தான். ஆனால் படம் போட்டது. ஊர்ப் பெயரும், விழாவின்ரை பெயரும், திகதியும் இருக்கும். அந்த ஒரு நாள்தான் அங்கை குத்துவினம்."

"குத்தி?"

"குத்தின கடித உறையைச் சனம் வாங்கிக்கொண்டு வீட்டை போகும்."

"அப்ப கடிதம் ஒருத்தருக்கும் போகாதோ?"

"உறைக்குள்ளை ஒண்டும் இல்லையப்பா."

"நல்ல சங்கம்" என்றாள்.

ஆலையின் படத்தைக் க்ரோல் தானே கீறிக்கொண்டு வந்திருந்தார். வடிவாய்த்தான் இருந்தது. எண்பதுகளில் அந்தக் கட்டிடத்தை அகதிகள் விடுதியாக வைத்திருந்தார்கள். ஹைம் என்போம். வந்த புதிதில் நானும் தம்பியும் அங்கேதான் இருந்தோம். மூன்றாம் மாடி, ஆற்றுப் பக்கம்.

கூட்டத்தில் கோப்பியும் அப்பிள் கேக்கும் தந்தார்கள். கேக் காய்ந்து போயிருந்தது.

மார்ச் 13, வியாழன்

நேற்று எழுதும்போது ஒன்று விட்டுப்போயிற்று. தம்பி குகநேசன் அந்த ஹைமில்தான் செத்தவன். 1989 செப்டெம்பர் 28, விடியப்புறம். யாரோ கீழ் மாடியில் பெற்றோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். யாரென்று இன்றுவரை பிடிபடவில்லை. நான் பக்கத்து நகரத்தில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவப் போய், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே படுத்திருந்தேன். அவனுக்கு இருபத்தொரு வயது.

மார்ச் 27, வியாழன்

விழாவுக்கு ஒரு கையேடும் வருகிறது. ஆலையின் வரலாறு, ஆண்டு ஆண்டாக. எழுதுவது க்ரோல். படித்துப் பிழை பார்க்கச் சொல்லி எனக்கும் ஒரு பிரதி தந்தார். முதல் தறி வந்த ஆண்டு இருக்கிறது. வெள்ளம் வந்த ஆண்டு இருக்கிறது. வெள்ளத்தில் மிதந்துபோன முதலாளியின் குதிரைக்குப் பெயர்கூட இருக்கிறது. 1989க்கு நேரே "தீ. கட்டிடத்துக்குப் பெரும் சேதம்" என்று இருக்கிறது. அவ்வளவுதான்.

தம்பி செத்த அந்தக் கிழமை பத்திரிகை முழுக்க எல்லையைக் கடந்து ஓடிவந்த கிழக்கு ஜெர்மனிச் சனத்தின் படங்கள். கட்டிப்பிடித்து அழுகிறார்கள், பூக்கொத்துக் கொடுக்கிறார்கள். எங்கள் செய்தி உள்ளே நாலு வரியில் வந்தது. அதிலும் அவன் பெயர் இல்லை, "ஒரு ஆசியர்" என்று போட்டிருந்தார்கள். அதனால் கையேட்டைப் பார்த்து நான் ஆச்சரியப்படவில்லை.

இருந்தாலும் போய்க் கேட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கேட்டேன்.

"ஹெர் க்ரோல், அதில் ஒரு ஆள் செத்ததும் வர வேண்டும். ஒரு வரி போதும். பெயரோடு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்து மறுபடி துடைத்தார். "இது நகரசபையின் கையேடு. கொண்டாட்டத்துக்கு அடிப்பது. அவர்கள் பார்த்துச் சம்மதித்தால்தான் அச்சுக்குப் போகும். நான் பேசிப் பார்க்கிறேன்."

"குதிரைக்குப் பெயர் இருக்கிறது" என்றேன்.

"பேசிப் பார்க்கிறேன்" என்றார் மறுபடியும்.

மலரிடம் சொன்னேன். அவளுக்குப் பொரிந்தது. "ஏன் கெஞ்சுறியள்? போடு எண்டு சொல்லுறதுதானே."

"இவையின்ரை ஊர். இவையின்ரை சோத்தைத் தின்னுறம்."

"சும்மாவே தந்தவை? முப்பது வருசம் திருகாணி முறுக்கிக் குடுத்தனீங்கள்."

எனக்கு இதில் பெரிய விருப்பம் என்று ஒன்றும் இல்லை. போட்டால் நல்லது. அவ்வளவுதான்.

ஏப்ரல் 9, புதன்

நகரசபையில் கூட்டம். கலாசாரப் பிரிவில் வீகண்ட் என்று ஒரு பெண்மணி இருக்கிறார். நல்லவர்தான், எப்போது பார்த்தாலும் சிரித்த முகம். இன்றைக்குச் சிரிப்பு கொஞ்சம் கூட இருந்தது.

"திகதியை மாற்றுகிறோம்" என்றார். "இருபத்தெட்டாம் திகதி வேண்டாம். பத்திரிகைக்காரர்கள் பழையதைக் கிண்டி எடுப்பார்கள். மகிழ்ச்சியான ஒரு நாளுக்கு அது நிழலாக விழக்கூடாது. ஒரு கிழமை முந்தி, சனிக்கிழமை, செப்டெம்பர் 20. சீலுக்கான விண்ணப்பத்திலும் அதையே போடுங்கள்."

மேசையில் இருந்த எல்லோரும் ஒருமுறை என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தார்கள்.

"ஹெர் குகதாசன், உங்களுக்கும் இதுதான் நல்லது என்று நினைத்தோம்" என்றார் வீகண்ட். "அந்த நாளில் மேளமும் பாட்டும் கேட்டால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் அல்லவா?"

"பிரச்சினை இல்லை" என்றேன். இந்த நாட்டுக்கு வந்து நான் முதல் படித்த வசனம் அதுதான், இன்றுவரை உதவுகிறது. கையேட்டில் ஒரு வரி பற்றியும் கேட்டேன். அதைப் பிறகு பார்ப்போம் என்றார். பேசிப் பார்க்கிறேன் என்ற க்ரோல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கொட்டிலில் கிடந்த பழைய அலுமாரியை உடைத்து விறகாக்கினேன். அது இன்னும் பாவிக்கக்கூடிய அலுமாரி என்று மலர் சொல்கிறாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை வருடப்பிறப்பு. கோயிலுக்குப் போய் வந்தோம். புதுப் பஞ்சாங்கம் வாங்கி வந்த கையோடு மலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் குந்திவிட்டாள். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். விரத நாட்கள், திதிகள், எல்லாவற்றையும் சுவர்க் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போடுவாள்.

நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சிரித்தாள். ஆளுக்கு என்ன பிடித்தது என்று திரும்பிப் பார்த்தேன்.

"இஞ்சை வாங்கோ. நேசன்ரை திவசம் எண்டைக்கு வருது எண்டு பாருங்கோ."

நாங்கள் அவனுக்குத் திவசம் செய்வது 28ஆம் திகதி இல்லை. அவன் போன திதி புரட்டாசித் தேய்பிறைச் சதுர்த்தசி. அமாவாசைக்கு முதல் நாள். சந்திரனைப் பார்த்து வருகிற நாள் என்பதால் இங்கிலீசுத் திகதியில் வருடா வருடம் மாறும். மலரின் விரலுக்குக் கீழே பார்த்தேன். செப்டெம்பர் 20, சனிக்கிழமை.

"உவையள் அந்த நாள் வேண்டாம் எண்டு தள்ளிக்கொண்டு போய்ச் சரியான நாளிலை விட்டிருக்கினம்" என்றாள். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று தண்ணீர் மட்டும் வந்தது.

"சொன்னால் திருப்பியும் மாத்துவினம்" என்றேன்.

"நீங்கள் சொல்லப் போறியளோ?"

"நான் ஏன் சொல்லுறன்?"

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ."

ஏப்ரல் 15, செவ்வாய்

விண்ணப்பத்தைத் தபாலில் போட்டேன். நாள் என்ற இடத்தில் 20.09 என்று என் கையால் எழுதினேன். நல்ல வெயில்.

ஜூன் 4, புதன்

சீலுக்கு அனுமதி வந்துவிட்டது. ஆனால் படத்தில் ஒரு சிக்கல். மெல்லிய கோடுகள் இரும்பில் வெட்டினால் மை அப்பிவிடுமாம், யன்னல்களைக் கறுப்பாக நிரப்பித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மாதிரியைப் பார்த்ததும் வீகண்டுக்கு முகம் போய்விட்டது. யன்னல் எல்லாம் கறுத்து, கட்டிடம் எரிந்து போனதுபோல் இருக்கிறதாம். "யன்னலை வெள்ளையாக விடச் சொல்லுங்கள்" என்றார். க்ரோல் மூன்று நாள் குந்தி, யன்னல்களைப் பெரிதாக்கி, வெள்ளையாகக் கீறிக் கொடுத்தார். இப்போது எல்லா யன்னலும் திறந்திருப்பதுபோல் இருக்கிறது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

தோட்டத்தில் செரிப்பழம் இந்த முறை குறைவு. இருந்ததையும் குருவி தின்றுவிட்டது.

ஜூலை 16, புதன்

கையேடு அச்சுக்குப் போகப்போகிறது. இனியும் பேசாமல் இருந்தால் சரிவராது என்று இன்று கூட்டத்தில் எழுந்து நின்றேன். செயலாளர் எழுந்து நின்று பேசுவது இந்தச் சங்கத்தில் வழக்கமில்லை.

"1989க்கு நேரே, 'தீ வைக்கப்பட்டதில் அகதியாக இருந்த குகநேசன் இறந்தார்' என்று வர வேண்டும். நகரசபை மறுக்கட்டும். ஆனால் நாங்கள் கேட்டோம் என்று இருக்க வேண்டும்."

ஓஸ்டர்லோ அம்மாதான் முதலில் வாய் திறந்தார். சங்கத்தில் எல்லோரையும் அதட்டுகிறவர் அவர். "ஹெர் குகதாசன், எனக்கு உங்களைப் பிடிக்கும். ஆனால் நாங்கள் தபால்தலை சேர்க்கிற ஆட்கள். அரசியல் எங்களுக்கு எதற்கு?"

"செத்தது என் தம்பி. அரசியல் இல்லை" என்றேன்.

கை தூக்கச் சொன்னார்கள். வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் சரிசமம். தலைவரின் கைதான் தீர்க்க வேண்டும். எல்லோரும் க்ரோலைப் பார்த்தார்கள். அவர் கையைத் தூக்கவில்லை. எந்தப் பக்கத்துக்கும் தூக்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டு இருந்தார். சரிசமம் என்றால் தோல்வி என்று சங்க விதி.

அதையும் நான்தான் குறிப்பில் எழுதினேன். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 17, வியாழன்

வேலிச் செடியை வெட்டினேன். கொஞ்சம் கூடுதலாக வெட்டிவிட்டேன். இப்போது க்ரோலின் குசினி நேரே தெரிகிறது. அவர் வெளியே வரவில்லை.

ஓகஸ்ட் 22, வெள்ளி

விழாவில் பன்னாட்டு உணவு மேசை ஒன்று போடுகிறார்களாம். துருக்கிச் சனம், போர்த்துக்கல் சனம், எல்லோரும் சமைத்துக் கொண்டுவரலாம். ஊரில் எல்லோருக்கும் கடிதம் போட்டிருக்கிறார்கள். மலர் பெயர் கொடுத்துவிட்டாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அண்டைக்கு வீட்டிலை படையல் இருக்கல்லோ" என்றேன்.

"வீட்டிலை படைச்சுப்போட்டு அங்கை கொண்டுபோவம்."

"திவசச் சாப்பாட்டையோ? விசரே உமக்கு?"

"திவசச் சாப்பாடு பிறத்தியாருக்குத்தானே குடுக்கவேணும். வருசா வருசம் ஆரைக் கூப்பிடுறது எண்டு தெரியாமல் நாங்களே மூண்டு நாளைக்கு வைச்சுத் தின்னுறம். இந்த முறை ஊரே வருகுது."

க்ரோலோடு ஒரு மாதமாகக் கதை இல்லை. கூட்டத்தில் வணக்கம் சொல்லுவார், நானும் சொல்லுவேன்.

செப்டெம்பர் 19, வெள்ளி

கத்தரிக்காய் ஒரு பெட்டி. உளுந்து ஊறுகிறது. தேங்காய் துருவியே தோள் போய்விட்டது. மகளும் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்துவிட்டாள். தாயும் மகளுமாகக் குசினியிலிருந்து என்னைத் துரத்திவிட்டார்கள்.

செப்டெம்பர் 20, சனி

பத்து மணிக்கு முன்னமே படைத்துவிட்டோம். நேசனின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை, சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை, மோதகம், பாயாசம். காகத்துக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டேன். இந்த ஊர்க் காகம் கூப்பிட்டு வருகிற சாதி இல்லை. நாங்கள் உள்ளே போன பிறகு வந்து தின்றுவிட்டுப் போனது. படைத்ததை அந்தந்தச் சட்டிகளில் கலந்து, காரில் ஏற்றி ஆலைக்குப் போனோம்.

நல்ல சனம். சீல் குத்துகிற மேசை வாசல் மண்டபத்தில். தபால் நிறுவனத்திலிருந்து வந்த ஆள் இரும்புச் சீலையும் மையையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். முன்னால் நீண்ட வரிசை. தூர இடத்திலிருந்தெல்லாம் சேகரிப்பவர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சீல் தலைகீழாக விழக்கூடாது, மை பரவக்கூடாது, உறையில் பென்சில் புள்ளிகூட இருக்கக்கூடாது. நான் வரிசையை ஒழுங்கு பார்த்தேன். எனக்கும் ஒரு உறையில் குத்துவித்தேன். லோர்ன்ஹைம், நூல் ஆலை, நூற்றைம்பது ஆண்டு, நடுவிலே 20.9. வடிவாய் விழுந்திருந்தது.

நகரபிதா பேசினார். க்ரோல் ஒலிவாங்கியில் ஆலையின் வரலாற்றை வாசித்தார். குதிரை வந்ததும் சனம் சிரித்தது. "1989, தீ" என்று வாசித்ததும் தாளை மாற்றிப் பிடித்தார். இருமிவிட்டு அடுத்த வருடத்துக்குப் போனார்.

பிறகு சாப்பாடு. மலரின் மேசைக்கு முன்னால்தான் சனம் கூட. சின்னப் பிள்ளைகள் வடையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடின. சங்கத்து ஆட்கள் எல்லோரும் இரண்டாந்தரம் வந்தார்கள். வீகண்ட் மோதகத்தைப் படம் பிடித்துவிட்டுச் சாப்பிட்டார். நகரபிதா தட்டு நிறையச் சோறும் கத்தரிக்காயும் சாப்பிட்டு முடித்து, கையில் வடையோடு மலரிடம் கேட்டார்:

"அருமை. இது உங்களிடம் என்ன பண்டிகைக்குச் செய்வது?"

சும்மா எல்லா நாளும் செய்வதுதான் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மலர் முழங்கையால் என்னை ஒதுக்கினாள். அவளுடைய டொச் பாஷை சந்தையில் படித்தது. இலக்கணத்துக்குப் பயப்படாது. என் காதில் விழுந்தது இப்படித்தான்:

"பண்டிகை இல்லை. செத்தவருக்குச் சமைச்சது. இவரின்ரை தம்பி. இண்டைக்கு அவரின்ரை நாள். இந்தக் கட்டிடத்திலை செத்தவர், மேலை மூண்டாம் மாடி. ஆரோ நெருப்பு வைச்சவை. முதல் அவருக்குப் படைச்சுப்போட்டு மற்றச் சனத்துக்குக் குடுக்கிறது எங்கடை வழக்கம். நீங்கள் சாப்பிட்டது நல்லது."

வீகண்ட் யோசிக்காமல் சொல்லிவிட்டார். "ஆனால் அது இருபத்தெட்டாம் திகதி அல்லவா?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. காது இரண்டும் சிவந்துபோயிற்று.

"இருபத்தெட்டு உங்கடை கணக்கு" என்றாள் மலர். குரலை உயர்த்தவில்லை. கறி அள்ளிப் போடும்போது கதைக்கிற அதே குரல். "எங்கடை கணக்குச் சந்திரனைப் பாத்து. அது இண்டைக்கு. நாங்கள் கேக்கேல்லை. நீங்களாத்தான் மாத்தித் தந்தனீங்கள். சீலிலையும் போட்டிருக்கிறியள். நன்றி."

மலரை நினைக்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எனக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் கையில் தட்டோடு நின்றன. ஒருவரும் தட்டைக் கீழே வைக்கவில்லை. அதை நான் பார்த்தேன்.

நகரபிதா வாயில் இருந்ததை விழுங்கினார். "அவர் பெயர் என்ன?"

மலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"குகநேசன்" என்றேன்.

அவர் சொல்லிப் பார்த்தார். பிழையாக வந்தது. நான் மறுபடி சொன்னேன். அவரும் மறுபடி சொன்னார். அவருக்குப் பின்னால் யாரோ சொல்லிப் பார்த்தார்கள். அந்தக் கட்டிடத்துக்குள் அவன் பெயரைப் பலபேர் சொல்லிக் கேட்டது அதுதான் எனக்கு முதல் தடவை.

ஓஸ்டர்லோ அம்மா என் கையைப் பிடித்துச் சீல் மேசைக்கு இழுத்துக்கொண்டு போனார். தன் பையிலிருந்து வெள்ளை உறை ஒன்றை எடுத்து வைத்து, பேனையையும் தந்தார். "இதிலே அவர் பெயரை எழுதுங்கள். விளங்கக்கூடியதாக." இருபது வருடமாக உறையில் விரல் அடையாளம் பட்டாலே ஏசுகிற மனுசி. எழுதினேன். தமிழிலும் எழுதச் சொன்னார். எழுதினேன். தபால்காரர் பெயரில் படாமல் பார்த்து, நிதானமாகச் சீலைக் குத்தினார். ஓஸ்டர்லோ அம்மா மை காயுமட்டும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "ஜூலையில் நான் பிழையாகக் கதைத்துவிட்டேன்" என்றார்.

திரும்பிப் பார்த்தால் க்ரோலைக் காணவில்லை. அவருடைய தொப்பி மட்டும் ஒலிவாங்கிக்குப் பக்கத்துக் கதிரையில் கிடந்தது.

செப்டெம்பர் 21, ஞாயிறு

காலையில் முற்றத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் பெரிய சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் வெள்ளனவே போய்விட்டாள். க்ரோல் வேலியால் எட்டிப் பார்க்கவில்லை. தெருவால் சுற்றி வந்து படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். இத்தனை வருடத்தில் அவர் அப்படி வந்ததில்லை. நேற்று எடுத்து வந்திருந்த தொப்பியைக் கொடுக்க எழுந்தேன். இருக்கச் சொன்னார். தானும் படியில் உட்கார்ந்தார்.

"அந்த நாளில் நான் தொண்டர் தீயணைப்பில் இருந்தேன்" என்றார். "இந்த ஊரில் தீயணைப்பு என்றால் தச்சரும் வாத்தியாரும் கடைக்காரரும்தான். மூன்றாம் மாடிக்கு ஏறியவன் நான். உங்கள் தம்பியைத் தோளில் போட்டு இறக்கியவனும் நான்."

எனக்குச் சட்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"எரிஞ்சிருந்தவனோ?" என்று தமிழில் கேட்டுவிட்டு, பிறகு டொச்சில் கேட்டேன்.

"இல்லை. புகைதான். போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார். முகத்தில் ஒரு காயமும் இல்லை. நித்திரை கொள்ளுகிற பொடியன் என்றுதான் நினைத்தேன். கீழே கொண்டுவந்து கிடத்திய பிறகுதான் தெரியும்."

பெட்டியை மூடித்தான் எங்களுக்குத் தந்தார்கள். திறந்து காட்ட ஒருவரும் விடவில்லை. முப்பத்தாறு வருடமாக நான் மனதில் வைத்திருந்த முகம் வேறு. அதை இந்தக் கொப்பியில் எழுதமாட்டேன். இனி எழுதத் தேவையும் இல்லை.

"ஜூலையில் கை தூக்கினால் எழுந்து நின்று ஏன் என்று சொல்ல வேண்டி வரும். எனக்குத் தைரியம் இல்லை" என்றார் க்ரோல். "இன்று காலையில் நகரபிதாவோடு பேசினேன். கையேட்டை மறுபடி அடிக்கிறார்கள். தீ வைக்கப்பட்டது என்றும் போடுவோம், பெயரும் போடுவோம். ஆனால் ஒரு வரி போதாது, நான் ஒரு பக்கம் எழுத வேண்டும். பெயர் தெரியும், வயது தெரியும். ஆள் எப்படி என்று எனக்குத் தெரியாது. உங்கள் தம்பி எப்படிப்பட்ட ஆள்?"

இந்த ஊரில் இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன். க்ரோல் எழுந்து போய்க் குழாயைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சரியான சோம்பேறி" என்றேன். "பத்து மணிக்கு முன்னம் எழும்பமாட்டான். எழும்பினால் பாட்டு. அபசுரமாகப் பாடுவான். பாடாதே என்று சொன்னால் இன்னும் சத்தமாகப் பாடுவான். என் சட்டைகளைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போய்விடுவான்."

க்ரோல் எழுதிக்கொண்டார்.

மலர் மூன்று தேத்தண்ணியோடு வந்தாள். இரண்டை எங்களுக்குத் தந்துவிட்டு மூன்றாவதை வைத்துக்கொண்டு படியில் தானும் உட்கார்ந்தாள். நேசன் செத்து இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் அவள் கலியாணம் கட்டி இங்கே வந்தவள், அவனைக் கண்டதில்லை. ஒவ்வொரு வருடமும் அவனுக்குச் சமைக்கிறாள், ஆனால் கத்தரிக்காய் பிடிக்கும் என்பதைத் தவிர நான் அவளுக்கு அவனைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

"சொல்லுங்கோ" என்றாள். "தமிழிலை சொல்லிப்போட்டு அவருக்கு டொச்சிலை சொல்லுங்கோ."